மணமாலையில் இலையின் ஸ்தானம்

மணமக்கள் மாலை மாற்றிக்கொள்ளும் வேளையில் ரோஜாவும் சம்பங்கியும் எல்லோருடைய கண்களையும் கவர்ந்துகொள்ள, அவற்றின் இடையிடையே வைத்துக் கட்டப்பட்ட மருக்கொழுந்தும் துளசியும் ஒருவர் பார்வையிலும் தனித்துப் படாமல் அடங்கிக் கிடக்கின்றன. ஆயினும் அம்மாலையைக் கழுத்தில் தாங்கியவர்கள் நெடுநேரம் உணர்வது அவ்விலைகளின் பரிமளத்தையே. தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பிறிதொன்றைச் சிறப்பிக்கும் பொருளுக்கு என்ன மதிப்பு என்னும் கேள்வி இங்கே எழுகிறது. வேதாந்திகள் ஆழ்ந்து ஆராய்ந்த கேள்வி இது.

அதற்கு விடை பகர்ந்த மகான் 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தார் என்பது சம்பிரதாயம். அவ்வூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் தானுகந்த திருமேனி என்னும் விக்கிரக வடிவில் இன்றும் சேவை சாதிக்கும் இராமானுஜர், பிறிதொன்றுக்கு மேன்மை சேர்ப்பதையே ஸ்வரூபமாக உடையது எதுவோ அதுவே சேஷம் என்று வேதார்த்த சங்கிரகத்தில் இலக்கணம் வகுத்தார். இலை, மலர், கனி, நீர் என்று பகவான் இலையையே முதலில் எண்ணிய கீதையின் 9-ஆம் அத்தியாயச் சுலோகத்துக்கு உரை செய்கையில், யாவர்க்கும் எளிதிற் கிடைக்கும் அப்பொருளை, பக்தியோடு அளிக்கப்பட்டது என்பதற்காகவே, மனோரதத்துக்கும் எட்டாத பேறு கிட்டியதுபோல அவன் ஏற்றுக்கொள்கிறான் என்று விளக்கினார்.

இலையின் இயல்பும் சிந்திக்கத்தக்கது. பறித்த பின்னும் அந்திப் பொழுதில் அவிழும் மல்லிகை மொட்டு, இரவெல்லாம் தன் வாசனையைக் காற்றுக்கு ஈந்துவிட்டு மறுநாள் வதங்கிப்போகிறது. மருக்கொழுந்தோ தன் தைலத்தை இலையின் நுண்ணிய சுரப்பிகளில் சேமித்து வைத்திருப்பதால், கசங்கும்போதும் மணக்கிறது, வாடி உலர்ந்த பின்னும் மணக்கிறது. இல்லறமும் முகூர்த்த நாளின் பொலிவோடு முடிந்துவிடுவதன்று. வறுமையும் நோயும் மனத்தாங்கலும் கசக்கும் நாட்கள் அதில் வந்தே தீரும் என்பதால், அந்நாட்களுக்குரிய குணத்தின் அடையாளமாக இலை மாலையில் இடம்பெறுவது மிகவும் பொருத்தமானது.

ஆனால் அடங்கியிருந்து பிறரைச் சிறப்பிப்பது உத்தமம் என்னும் இந்த உபதேசம் நெடுங்காலமாக மணமகளுக்கு மட்டுமே சொல்லப்பட்டு வந்தது என்ற ஆட்சேபம் நியாயமானது. இராமானுஜரின் சித்தாந்தத்தில் அத்தகைய பாகுபாட்டுக்கு இடமில்லை. ஜீவர்கள் அனைவரும் ஈசுவரன் ஒருவனுக்கே சேஷர்கள் என்றால், கணவன் மனைவிக்கு எஜமானனாவது எங்ஙனம்? மாலை மாற்றப்படுவதால் இருவர் கழுத்திலும் அதே இலை ஏறுகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010-இல் ஒரகடத்திலும் மோட்டார் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு வேறு உருக்கொண்ட ஸ்ரீபெரும்புதூர்ப் பிரதேசத்தில், ஆண் பகல் ஷிப்டுக்கும் பெண் இரவு ஷிப்டுக்கும் செல்லும் குடும்பங்களில், ஒருவர் உறங்கும் வேளையில் மற்றவர் அடுப்பையும் குழந்தையையும் கவனிப்பதே இந்தத் தத்துவத்தின் அன்றாட அநுஷ்டானம்.

இன்று கல்யாண மண்டப மேடைகளை மணமற்ற தழைகளும் பிளாஸ்டிக் பசுமையும் நிறைக்கின்றன. அவை புகைப்படத்துக்குப் போதும், மணமக்களுக்குப் போதா. மேடையின் ஆடம்பரம் எத்தகையதாயினும், மாலைக்குச் சொல்லும்போது ஒரு கட்டு மருக்கொழுந்தையும் துளசியையும் மறவாமல் கேட்டு வாங்குங்கள் என்று பெற்றோர்களை வேண்டிக்கொள்கிறேன். செலவு அற்பம், அது போதிக்கும் தர்மமோ ஆயுள் முழுவதும் இருவருக்கும் பொது.