மூன்றாம் பக்கம்

தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் 20 வருஷம் உட்கார்ந்தால், ஊரில் யாரெல்லாம் கதை எழுதுகிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். நீளமான பழுப்பு உறை வரும். எடை போடக் கையில் வாங்கும்போதே உள்ளே இன்னொரு உறை மடித்து வைத்திருப்பது விரலுக்குத் தட்டுப்படும். ஒரே எடைக்கு இரண்டு முறை தபால்தலை வாங்குவார்கள். போவதற்கு ஒன்று, திரும்பி வருவதற்கு ஒன்று.

கோவில்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு சின்ன ஆபீசுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். தபால்காரர் கொண்டுவந்து தரும்வரை பொறுக்க மாட்டார். காலையில் பை பிரிக்கிற நேரத்துக்கே வந்து நிற்பார். அவர் கையெழுத்திலேயே அவர் விலாசம் எழுதிய உறையை நான் எடுத்து நீட்டுவேன். பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். “வந்துட்டானா? சரி தாயி, அதே எடைக்கு இன்னும் ரெண்டு தலை குடு” என்பார். வெளியூர் போன மகன் வேலை கிடைக்காமல் வீடு திரும்பியதுபோல ஒரு சிரிப்பு. பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து வேறொரு பத்திரிகையின் விலாசத்தை எழுதி, பசை தடவி, அன்றைய கட்டிலேயே சேர்த்துவிட்டுப் போவார்.

எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்தக் காலத்தில் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில், எழுதி நிரப்பிய நோட்டுகள் ஏழு கிடந்தன. ஒரு வரியும் எங்கேயும் போனதில்லை, அதனால் திரும்பி வந்ததும் இல்லை. அதை ஒரு பெருமையாகக்கூட வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டிருந்தால், “நமக்கெல்லாம் எதுக்கு” என்றிருப்பேன். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் வாயில் இந்தச் சொல் சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்பவர்களுக்கு அடக்கம்போல இருக்கும். உள்ளே இருந்தது இரண்டு பயம். எனக்கு எழுத வராது என்பது ஒன்று. வந்துவிட்டால் என்ன செய்வது என்பது மற்றது. வெகுநாள் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பயம் பிடித்தது ஒன்பதாம் வகுப்பில். மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். கரிசல் மண்ணில் முதல் மழை விழுந்தால் செருப்பு எத்தனை கிலோ கனக்கும் என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, “இதை யாரு எழுதிக் குடுத்தா?” என்றார். “நான்தான் சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது பாராட்டுதான். அது எனக்கு விளங்க 30 வருஷம் ஆயிற்று. அன்றைக்கு விளங்கியது வேறு. நன்றாக எழுதினால் திருட்டுப் பட்டம், மோசமாக எழுதினால் முட்டை மார்க். எழுதாமல் இருப்பதுதான் பத்திரம். எழுதாமல் இருக்க முடியவில்லை, ஆகவே காட்டாமல் இருந்தேன்.

அடக்கம் என்றேன் அல்லவா. இந்த விஷயத்தை நம் பழைய புலவர்கள் நம்மைவிடத் தெளிவாக வைத்திருந்தார்கள். காப்பியத்தைத் தொடங்கும்போது அவையடக்கம் என்று ஒன்று பாடுவார்கள். கம்பர் அதில் தன்னைப் பூனை என்கிறார். பாற்கடலைக் கண்டதும் முழுவதையும் நக்கிக் குடித்துவிடக் கிளம்பிய பூனை. அப்படிச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார். அவையடக்கம் அவைக்கு வந்து நின்றவர் சொல்வது. பீரோவில் நோட்டைப் பூட்டி வைத்தவளுக்கு எந்த அவை, என்ன அடக்கம்?

வள்ளுவர் இன்னும் கறார். அவையஞ்சாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, கற்றும் நல்லவர் கூடிய அவைக்கு அஞ்சுகிறவர் கல்லாதவரைவிடக் கடை என்று சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தவர் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். எத்தனை பெரிய காரியம் முடித்தாலும் தன்னைத் தானே புகழக் கூடாது என்பார். உடனே, நாலு இடத்தில் மட்டும் புலவருக்கு அது தகும் என்று சலுகையும் தருவார். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது என்பது அந்த நாலில் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு தபால் ஆபீஸ் கவுன்ட்டரை எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், சிநேகிதர்கள். அழகிரிசாமி இளவயதிலேயே எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். கி.ரா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட சம்சாரி. கதை எழுத வந்தது முப்பதைத் தாண்டித்தான். வந்தபோதும் சம்சாரி பேசுகிற பேச்சிலேயே எழுதினார். இதெல்லாம் எழுத்தா என்று அவர் தன்னை ஒருநாளாவது கேட்டிருக்க மாட்டாரா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. கேட்டாரோ என்னவோ, 1991இல் ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது, அது அந்தப் பேச்சுக்கும் வந்த விருதுதான்.

இதெல்லாம் முதல் பயத்துக்கு மருந்து. இரண்டாவதற்கு இது கேட்காது. துவரங்குறிச்சியில் சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் கழிப்பறைக்குள் நின்று கவிதை எழுதினார். சொந்தப் பெயரை மறைத்துக்கொண்டுதான் வெளியே அனுப்ப முடிந்தது. அவருக்கு முன்னால் இருந்தது பூட்டிய கதவு. எனக்கு யார் பூட்டினார்கள்? “எழுதேன், யாரு வேண்டாங்கிறா” என்பார் என் வீட்டுக்காரர். தடுக்க ஆளில்லாத வாசலில் நானே காவலுக்கு நின்றேன்.

போன வருஷம் எங்கள் தபால்காரத் தம்பி, “அக்கா, நீங்க ஏதோ எழுதுவீங்களாமே, ஞாயித்துக்கிழமை லைப்ரரிக்கு வந்து சும்மா ஒண்ணு வாசிங்க” என்றான். அந்த ‘ஏதோ’வும் ‘சும்மா’வும்தான் என்னை அழைத்துப் போயின. உங்கள் படைப்பை வழங்க வேண்டும் என்று கேட்டிருந்தால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

அம்மா தீப்பெட்டி ஒட்டியதைப் பற்றி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோனேன். பதினைந்து பேர் இருப்பார்கள். மேலே ஃபேன் தாளைத் தூக்க, ஒரு கையால் அமுக்கிக்கொண்டு வாசித்தேன். முதல் பக்கம் முடியும்வரை என் கண்ணில் பட்டதெல்லாம் தாளின் ஓரம் நடுங்குவதுதான். அப்புறம் எப்படியோ முடிந்துவிட்டது. சிலர் கை தட்டினார்கள். ஒருவர் கடைசிவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், அவரைப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன்.

பின்வரிசையில் ஒரு வயதான அம்மா கேட்டார்: “ஏம்மா, பெட்டி ஒட்டுனதைச் சொன்ன, சில்லறை எண்ணுனதைச் சொன்ன, பசையைப் பத்தி ஒண்ணுமே வரலையே. பசை இல்லாம எப்படி ஒட்டுச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். அது ஒன்பதாம் வகுப்புச் சிரிப்பு இல்லை. குனிந்து பார்த்தேன். மூன்றாம் பக்கம் இரண்டாம் பக்கத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பசை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

“அதை எழுதலம்மா” என்று பொய் சொன்னேன்.

தற்செயலாக ஒட்டிக்கொண்டதுதான். அப்படித்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இது. எனக்கு ஏழு வயது. அம்மா மைதா மாவில் பசை காய்ச்சி இறக்கி வைத்திருந்தாள். லேசாக நீலம் பாய்ந்த பசை. அடிப்பெட்டிகளை வெயிலில் பரப்ப ஓடியவள் சட்டியைக் காலால் இடறிவிட்டேன். திண்ணையெல்லாம் பசை. அம்மா தலைமயிரைப் பிடித்து என்னைத் தொட்டிக்கு இழுத்துப் போனாள். வாயில் தண்ணீரை ஊற்றி, துப்பு துப்பு என்று முதுகில் அறைந்தாள். தெருவே பார்த்தது. ஒரு சட்டி மாவுக்கு ஒரு பிள்ளையின் முதுகு என்று எழுதியிருந்தேன். நல்ல வரி என்று எனக்கே நினைப்பு. அந்த வரியைத்தான் இத்தனை வருஷமும் காவல் காத்தேன் போலிருக்கிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவள் காதுக்கு எட்டும் தூரத்தில் அதை வைக்க எனக்குத் தைரியமில்லை.

அன்று ராத்திரி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நாலு பக்கமும். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். மூன்றாம் பக்கம் வந்தபோது என் குரல் லைப்ரரியில் போனதைவிட மோசமாகப் போனது. கீரை உருவிய கை நின்றது.

“பசை கொட்டிப்போச்சேன்னா அடிச்சேன்னு எழுதிருக்க?”

நான் பேசவில்லை.

“அதுல மயில்துத்தம் போட்டிருக்கும்டி. எலி, கரப்பான் திங்கக் கூடாதுன்னு கலக்குறது. விஷம். நீ கைநெறையப் பசையோட விரலை வாயில வச்சுக்கிட்டு நிக்கிற. எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. அதான் வாயில தண்ணிய ஊத்துனேன்.”

“அப்பவே சொல்லிருக்கலாம்லம்மா.”

“நீ எப்பக் கேட்ட?”

40 வருஷம். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா மறுபடி கீரையை எடுத்தாள். இரண்டு இணுக்கு உருவியபிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“இதை அங்க எல்லார்ட்டயும் வாசிச்சிட்டியா?”

“இல்லம்மா. அந்தப் பக்கம் மட்டும் விட்டுப்போச்சு.”

“நல்லதாப் போச்சு. சரியா எழுதிட்டு வாசி.”