நின்ற தறியும் இன்மை என்னும் அளவையும்

சங்கரன்கோவிலில் பருத்திச் சேலை நெய்யும் ஒரு விசைத்தறியில் உணர்வி ஒன்றைப் பொருத்தி, ஊடை நூலை ஏந்திய நாடா குறுக்கே ஓடும் ஒவ்வொரு முறையையும் நேரத்தோடு பதியச் செய்தால், நிமிடத்துக்கு 100-க்கு மேற்பட்ட துடிப்புகள் கணினியில் வந்து குவியும். அந்தக் குவியலிலிருந்து ‘தறி நின்றது’, ‘தார் மாற்றப்பட்டது’, ‘சேலை முடிந்தது’ என்று தொடக்கமும் முடிவும் காரணமும் உடைய அலகுகளைப் பிரித்தெடுக்கும் விதித்தொகுப்பே நிகழ்வு மாதிரி எனப்படுகிறது. ஆலைத் தரவுகளைச் சேமிக்கும் பை சிஸ்டம் என்னும் மென்பொருளில் இத்தகைய அலகுக்கு ஈவென்ட் ஃப்ரேம் என்று பெயர்.

இவற்றுள் ‘தறி நின்றது’ என்பதே தத்துவ நோக்கில் மிகக் கடினமானது. அங்கே பதிவானது எதுவும் இல்லை. துடிப்பு வராமையே அதற்குச் சான்று. இல்லாத ஒன்றை அறிவு எவ்வாறு பற்றுகிறது என்ற இக்கேள்வியை இந்தியத் தருக்க மரபு நெடுங்காலம் விவாதித்தது. இன்மையும் புலன்காட்சியால் அறியப்படுவதே என நியாய மரபினர் கொள்ள, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகரான குமாரில பட்டர் அதைத் தனி அளவையாக, அதாவது அறிவைத் தரும் தனி வழியாக நிறுவினார். மணிமேகலையின் 27-ஆம் காதையில் வைதிகவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் அபாவம் என்னும் இன்மையும் இடம்பெறுகிறது. ஆயினும் காணாமை மட்டுமே இன்மைக்குச் சான்றாகிவிடாது. பொருள் இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டே இருக்கும் என்ற நிலை, அதாவது யோக்கியதை, முதலில் அமைந்திருக்க வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று துணிந்து கூற முடியாது.

இந்த நிபந்தனையை மறந்த மாதிரி தவறான நிகழ்வைப் படைத்துவிடும். உணர்வியின் கம்பி கழன்றாலும் துடிப்பு நின்றுபோகும், தறியோ ஓடிக்கொண்டே இருக்கும். எனவே உணர்வி உயிரோடு இருப்பதைக் காட்டும் குறிப்பலை ஒன்று தனியே வந்துகொண்டிருந்தால்தான் அந்த மௌனம் சான்றாகும்.

அடுத்து எல்லை பற்றிய சிக்கல் எழுகிறது. சாதாரண விசைத்தறியில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்து தறி நிற்க, நெய்பவர் புதிய தாரை நாடாவில் இட்டு மீண்டும் ஓட்டுகிறார். அந்த இடைவெளி வேலையின் பகுதியா, வேலை நிறுத்தமா என்பதைத் தரவு சொல்வதில்லை. எத்தனை நொடிக்கு மேற்பட்டால் நிறுத்தம் எனக் கொள்வது என்று வரம்பு குறிப்பவரே அதை முடிவுசெய்கிறார், நெய்த அளவுக்குக் கூலி பெறும் ஒருவரின் நேரத்தை வீணென்றோ உழைப்பென்றோ வகுக்கும் பொறுப்பும் அவருடையதே.

காரணத்தின் நிலையும் இதுவே. பாவு அறுந்து பிணைக்கப்படுவதும், மின்தடையும், நூல் வராமல் காத்திருப்பதும் திரையில் ஒரே வெற்றிடமாகத் தோன்றும்போது, ‘ஆள் இல்லை’ என்று எழுதுவது காட்சியன்று, பிழைபட்ட அனுமானம். அங்கே எஞ்சியிருக்கும் அளவை உரை, அதாவது உண்மை அறிந்து அதை உள்ளபடி சொல்ல விரும்புபவரின் வாக்கு. நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் இத்தகுதி ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்கிறார். காரணத்துக்கு உரிய கட்டத்தில் நெய்பவரின் சொல் பதிவாக வேண்டும் என்பதற்கு வாத்ஸ்யாயனரின் அக்கூற்றே போதிய நியாயம் தருகிறது.