நோன்பு ஏற்க அஞ்சலாமா?



அறவுரை கேட்டு எழுவோரிடம், "ஒரு சிறு விரதமேனும் ஏற்றுக்கொள்ளலாமே" என்று சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுண்டு. "ஏற்றபின் இடையில் முறிந்துவிட்டால் பாவமல்லவா? ஏற்காதிருப்பதே மேல்." இது பணிவுபோலத் தோன்றும், உண்மையில் அச்சமே. பயிர் வாடிவிடுமோ என்றஞ்சி நிலத்தைத் தரிசாகப் போட்டவன் பஞ்சத்தினின்று தப்பியவன் ஆகான்.

ஆதிபகவன் விருஷப தேவர் துறவு பூண்டபோது, அவருடன் நாலாயிரம் அரசர்களும் துறந்தனர் என்று புராணம் கூறும். பகவான் ஆறு திங்கள் உண்ணாது காயோத்ஸர்க்கத்தில் நின்றார். உடன் வந்தவர்களோ தலைவன்பால் கொண்ட பற்றினால் வந்தவர்களேயன்றித் துறவின் பொருளுணர்ந்து வந்தவர்கள் அல்லர். பசி தாங்காது நெறி வழுவினர். கனியும் கிழங்கும் தின்று, மரவுரி உடுத்துக் காட்டில் திரிந்தனர்.

நோன்பு முடித்து ஆகாரத்திற்கு எழுந்தருளிய பகவானுக்கும் உணவு கிட்டவில்லை. துறவியர்க்கு உணவளிக்கும் முறையை அந்நாளில் எவரும் அறியார். யானையும் மணியும் ஆடையும் கொணர்ந்து நீட்டினர். பகவான் ஒன்றும் கூறாது அகன்றார். மீண்டும் ஊர்தோறும் நடந்தார். திங்கள் பல கழிந்தன. முடிவில் அத்தினபுரத்தில், சோமப்பிரப மன்னனின் இளவல் சிரேயாம்சன், முற்பிறப்பில் முனிவர்க்கு உணவளித்த நினைவு வரப்பெற்றுக் கரும்பின் சாற்றை முறைப்படி அளித்தான். அந்நாளே அட்சய திருதியை.

வெறுங்கையுடன் நடந்த நாள்கள் தோற்ற நாள்களா? அல்ல. பெறுவதைத் தடுப்பது இலாபாந்தராய கர்மம். அது உதயமாகித் தன் காலத்தில் கழியும். புறப்படுவது மட்டுமே நம் கையில் உள்ளது. பகவான் அதில் குறை வைக்கவில்லை. கையில் இல்லாததற்குக் கலங்கவும் இல்லை.

வழுவிய அரசர்களின் கதி என்ன? பகவான் கேவலஞானம் எய்தியபின், மரீசி ஒருவன் நீங்கலாக அவர்கள் மீண்டும் முறைப்படி துறவேற்றனர். பரத சக்கரவர்த்தியின் மைந்தனாகிய மரீசியோ பொய்ந்நெறி பரப்பி, எண்ணற்ற பிறவிகளில் உழன்றான். ஒரு பிறவியில் சிங்கமாகி, மானைக் கொன்று தின்னும் வேளையில், சாரண முனிவர் இருவர் தோன்றி அறமுரைத்தனர். இரத்தம் உலராத வாயுடன் நின்ற அவ்விலங்கு கண்ணீர் பெருக்கி விரதம் ஏற்றது. "இறைச்சியன்றி வேறறியாத என்னால் இதனைக் காக்க இயலுமா?" என்று பின்வாங்கவில்லை. அச்சீவனே பின்னாளில் இருபத்துநான்காம் தீர்த்தங்கரர் வர்த்தமானர்! அத்துணை ஆழத்தில் வீழ்ந்த உயிரும் எழுந்ததெனில், நாம் எதற்கு அஞ்சுவது?

ஆயினும் அஞ்சாமை வேறு, அலட்சியம் வேறு. "முறிந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏற்பது விரதமே அன்று. பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் "ஆற்றலுக்கேற்ப" என்னும் அடையுடன் கூறப்பட்டுள்ளமை நோக்குக. உள்ள ஆற்றலை மறைத்தலும் கூடாது, மீறுதலும் கூடாது.

நம் வலிமையின் அளவை ஆசாரியர்கள் அறிவர். அதனாலன்றோ சமந்தபத்திரர், வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம் என்றும், கால எல்லை வகுத்து ஏற்பது நியமம் என்றும் பகுத்துரைத்தார்? இரவுண்ணாமையை ஆயுள் முழுதும் ஏற்க மனம் துணியாதவர், அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டும் ஒரு திங்களுக்கு ஏற்கட்டும். அது நிலைத்தபின் எல்லையை நீட்டட்டும். அலுவலிலிருந்து இருட்டியபின் திரும்புவோர், மாலையிலேயே உண்ண ஒரு சிற்றுண்டிப் பொட்டலத்தைக் கையோடு கொண்டு செல்லட்டும்.

பிழை நேர்ந்தால்? மறவாது காக்க முயல்கையில் நேரும் குறை அதிசாரம். துணிந்து கைவிடுவதே அனாசாரம். குறையை உணர்ந்து, வருந்தி, திருத்திக்கொள்ளப் பிரதிக்கிரமணம் உண்டு. மாந்தர் வழுவவே மாட்டார் எனில் அதனை வகுத்திருக்கத் தேவையே இல்லை.

ஆகவே, அன்பர்களே! அடுத்த அஷ்டமிக்கு ஜினாலயம் செல்லும்போது, உங்கள் ஆற்றலுக்கேற்ற நியமம் ஒன்றை அருகன் திருமுன் ஏற்றுக்கொள்ளுங்கள். அது சிறிதாயினும் ஆகுக, அச்சமின்றிப் பேணுங்கள்.

அறம் வளர்க!