எதற்கான உரிமை?

1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போருக்கு அடிமை முறை காரணமன்று, மாநிலங்களின் உரிமையே காரணம் என வாதிடுவோர் உளர். ஆயின் உரிமை என்பது தனித்து நிற்கும் பொருளன்று. எதற்கான உரிமை என்னும் வினா அதனுடனேயே பிறக்கிறது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்குமாறு 1850ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வட மாநிலங்கள் சில தம் சட்டங்களால் அதற்குத் தடையிட்டன. 1860 டிசெம்பரில் பிரிந்த தென் கரோலைனா, அத்தடையையே தன் பிரகடனத்திற் குற்றமாக எடுத்துரைத்தது. மாநில உரிமையே கொள்கையாயின், வடக்கு அதனைக் கையாண்டது குற்றமானது எவ்வாறு?

பிரிந்த தென் மாநிலங்களின் உப சனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமை நிலையே அவர்க்கு இயல்பு என்பதே புதிய அரசின் மூலைக்கல் என 1861 மார்ச்சிற் பேசினார். தோல்வியின் பின் எழுதிய நூலிலோ, அரசியலமைப்புக் கொள்கைகளின் மோதலே போருக்குக் காரணம் என்றார்.

வடக்கும் தொடக்கத்தில் அடிமைகளை விடுவிக்கப் போரிடவில்லை. ஒன்றியத்தைக் காப்பதே லிங்கனின் நோக்கமாயிருந்தது. எனினும், போரிட்டோரின் நோக்கம் வேறு. போரின் காரணம் வேறு. ஏறத்தாழ 40 இலட்சம் மனிதர் உடைமையாகக் கருதப்பட்டிராவிடின், பிரிவினைக்கே இடமிருந்திராது. உரிமை என்னும் உயர்ந்த சொல் ஒலிக்கும்போது, அதன் சுமையைத் தாங்குவோர் யாவர் என வினவுதலே அறம்.