இரண்டு காசும் இரண்டு வெற்றியும்



நவம்பர் மாதம் மரித்தோரின் மாதம். கல்லறைகளைச் சுத்தம் செய்கிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். இவையெல்லாம் நல்லவை, புண்ணியமானவை. ஆனால் திரி அணைந்து வீடு திரும்பிய பின், "அவர் போய்விட்டாரே, இனி நான் எதைப் பிடித்து எழுந்து நிற்பேன்?" என்று மனதுக்குள் அழுகிறவர்கள் நம் பங்கில் எத்தனை பேர்! அவர்களுக்காகவே இன்று ஒரு கல்லூரிப் பந்தாட்டக் குழுவின் கதையைச் சொல்ல வந்தேன்.

ஞான காரியத்தில் பந்தாட்டம் எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அர்ச். சின்னப்பரே தம் நிருபத்தில் பந்தயத்தில் ஓடுகிறவனை உவமை காட்டியிருக்கிறார் அல்லவா?

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஓகாயோ நதிக்கரையில் ஹண்டிங்டன் என்றொரு ஊர். அங்கே மார்ஷல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்நாட்டார் ஆடும் கால்பந்து நம் பிள்ளைகள் ஆடுவது போன்றதன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவார்கள். கல்லூரி அணி ஆடுகிற நாளில் ஊரே திரண்டு போகும்.

1970ம் ஆண்டு நவம்பர் 14ந் தேதி, சனிக்கிழமை. மார்ஷல் அணி வட கரோலினாவில் ஆடி, 17க்கு 14 என்ற கணக்கில் தோற்று, விமானத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மழையும் மூடுபனியுமான இரவு. விமான நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னே விமானம் குன்றில் மோதி எரிந்தது. அதிலிருந்த 75 பேரும் மாண்டார்கள். ஆட்டக்காரர்கள் மட்டும் 37 பேர். தலைமைப் பயிற்சியாளரும், அணியின்மேல் பற்றுக்கொண்டு உடன் போன ஊர்ப் பெரியவர்களும் அவர்களோடு போனார்கள். தாய் தந்தை இருவரையும் ஒரே இரவில் இழந்த பிள்ளைகளும் உண்டு. ஆறு வாலிபரின் உடல்களை இன்னார் என்று அடையாளம் காண முடியவில்லை. அவர்களை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே அடக்கம் செய்தார்கள்.

இனி இந்த ஆட்டமே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. துக்கத்தில் அப்படித் தோன்றுவது இயல்புதானே! ஆனாலும் மறு வருஷமே ஆடுவது என்று முடிவாயிற்று. ஆட ஆள் எங்கே? ஜாக் லெங்யல் என்பவர் புதுப் பயிற்சியாளராக வந்தார். காயத்தினால் அந்தப் பயணம் போகாதிருந்த சிலர் மிஞ்சியிருந்தார்கள். அக்காலத்தில் முதலாண்டு மாணவர் கல்லூரியின் முதல் அணியில் ஆடக்கூடாது என்பது விதி; மார்ஷலுக்கு அந்த விதி தளர்த்தப்பட்டது. வேறு விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். அதே மாநிலத்து மற்றொரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பாபி பவுடன், தம் அணி ஆடும் முறையையே இவர்களுக்குத் திறந்து காட்டிக் கற்றுக்கொள்ளச் செய்தார். அயலான் யார் என்ற கேள்விக்கு நம் ஆண்டவர் சொன்ன சமாரியனின் உவமை இங்கே நினைவுக்கு வருகிறது.

1971ம் ஆண்டு செப்டம்பர் 25ந் தேதி, விபத்துக்குப் பின் சொந்த ஊரில் முதல் ஆட்டம். எதிரணி சேவியர் பல்கலைக்கழகம்; நம் அர்ச். சவேரியாரின் பெயரால் சேசு சபையார் நடத்துவது. ஆட்டத்தின் கடைசி வீச்சில், நேரம் முடிகிற கணத்தில், மார்ஷல் பிள்ளைகள் 15க்கு 13 என்று வென்றார்கள். சவேரியாரின் பெயர் தாங்கிய அணி அன்று தோற்றது உண்மைதான். அதற்காக அந்தப் பெரிய அர்ச்சியசிஷ்டவர் மனவருத்தப்பட்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்!

அதன்பின் வெற்றிமேல் வெற்றி குவிந்தது என்று எண்ணுகிறீர்களா? இல்லை. அடுத்த ஆட்டத்திலேயே 66க்கு 6 என்று நொறுங்கினார்கள். அந்த வருஷம் ஆடியது 10, வென்றது 2. மார்ஷலின் வெற்றிகள் தோல்விகளை மிஞ்சும் ஒரு வருஷத்தைக் காண 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிரியமானவர்களே, பத்தில் இரண்டு! உலகம் இதைத் தோல்வி என்றே கணக்கெழுதும். ஆனால் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த நம் ஆண்டவர், செல்வர்கள் போட்ட பெருந்தொகைகளையெல்லாம் பார்த்துவிட்டு, ஏழை விதவை போட்ட இரண்டு காசையன்றோ மேலாக எண்ணினார்? அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். அதை முழுவதும் கொடுத்தாள். கணவனை அடக்கம் செய்த மறுவாரம் பிள்ளைகளுக்கு உலை வைக்க எழுந்த தாயே, அண்ணன் போன பின் குடும்பப் பாரத்தைத் தோளில் வாங்கிய தம்பியே, நீங்கள் பெட்டியில் போட்டதும் அப்படிப்பட்ட காசுதான். "முன்போல் இல்லையே, பாதிகூட நடக்கவில்லையே" என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ரெட் டாசன் என்ற உதவிப் பயிற்சியாளர் அன்று விமானத்தில் ஏறவில்லை. புது ஆட்டக்காரரைத் தேடும் வேலையாகக் காரில் போனவர், வழியில் வானொலியில் செய்தியைக் கேட்டார். 1971ல் புது அணிக்கு உதவியாக நின்றார். அதன்பின் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல யாரால் முடியும்? தம்மால் சுமக்க முடிந்த மட்டும் சுமந்தார். நம்மிலும் சிலர் நெடுந்தூரம் சுமப்பார்கள். சிலர் ஒரு வருஷம் சுமப்பார்கள். சர்வேசுரன் இருவரையும் அறிவார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் 1972ல் ஒரு நினைவு நீரூற்று எழுப்பினார்கள். ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 14ந் தேதி தண்ணீரை நிறுத்துவார்கள். குளிர்காலம் முழுவதும் அது மௌனமாயிருக்கும். வசந்தம் வரும்போது மறுபடி ஓட விடுவார்கள். அழுகைக்கும் ஒரு காலம் வேண்டும். அதை யாரும் அவசரப்படுத்தலாகாது. ஆனால் தண்ணீரைத் திரும்பத் திறக்கும் நாளும் வரவேண்டும்.

ஆகையால் இந்த மாதம் ஒவ்வொரு குடும்பத்தாரும் மூன்று காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மரித்தோருக்காக ஒரு பூசை காணுங்கள். இந்த வருஷம் சாவு விழுந்த ஒரு வீட்டுக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லுங்கள். போனவர் பாதியில் விட்டுப்போன நல்ல வேலை ஒன்றை, அது ஒரு பிள்ளையின் படிப்பானாலும், ஓர் அயலானோடு சமாதானமானாலும், நீங்கள் கையில் எடுங்கள். நன்றாகச் செய்ய வருமோ வராதோ என்று அஞ்சாதீர்கள்.

மரித்த விசுவாசிகளின் ஆத்துமாக்களுக்கு சர்வேசுரன் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருள்வாராக. ஆமென்.