பகிர்தல் ஈகையா, கடனா? – ஆங்கில மொழி ஆசிரியர்களின் தொழில்சார் வளர்ச்சியை முன்வைத்து

முன்னுரை

ஓர் ஆசிரியர் தம் வகுப்பறையில் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டறிந்த பயிற்றுமுறை யாருக்கு உரியது? அதனைச் சக ஆசிரியர்க்கு அவர் வழங்கினால் அஃது ஈகை எனப் போற்றத்தக்கதா? வழங்காது வைத்துக்கொண்டால் குற்றம் எனப் பழிக்கத்தக்கதா? இவ்வினாக்கள் எல்லாப் பாட ஆசிரியர்க்கும் பொதுவானவை. எனினும் இந்தியச் சூழலில் இவற்றை நெடுங்காலமாக எதிர்கொண்டு வருபவர்களுள் ஆங்கில மொழி ஆசிரியர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். மாணவர் பெரும்பாலோரின் வீட்டில் வழங்காத ஒரு மொழியை அவர்கள் கற்பிக்கின்றனர். ஆதலின் எதைக் கற்பிப்பது என்பதினும் எவ்வாறு கற்பிப்பது என்பதே அவர்களுக்குத் தீராச் சிக்கலாக இருந்து வருகிறது. அச்சிக்கலைத் தீர்க்கும் பொருட்டு 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. பின்னாளில் அதுவே ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1963இல் பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் அமைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் இதழும் மாநாடுகளும் நடத்தி வருகிறது.

இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் அவற்றின் பயன் நோக்கியே பேசப்படுகின்றன. அவற்றுள் அடங்கியுள்ள அறவினாவை நன்னூலின் பொதுப்பாயிரத்தை அளவுகோலாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொதுப்பாயிரம் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இடையிலான உறவைப் பேசுவது. ஆசிரியர்க்கும் ஆசிரியர்க்கும் இடையிலான உறவுக்கு அதனை விரித்துப் பொருத்துவது இக்கட்டுரையின் முயற்சி.

உடைமை, ஈகை, கடன்

ஆசிரியரின் பட்டறிவை உடைமை எனக் கொள்வது ஒரு நிலைப்பாடு. தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு ஒருவர் உருவாக்கிய பயிற்சித்தாள் பிறர் பெயரில் அச்சேறுவது உண்டு. அந்நிலையில் அவர் தம் உரிமையைக் கோருவதில் நியாயம் இருக்கிறது.

ஈகை எனக் கொள்வது இரண்டாவது நிலைப்பாடு. இதன்படி பகிர்பவர் போற்றப்படுவார், பகிராதவர் பழிக்கப்படார். ஆனால் ஈகையில் ஈவார் மேலும் ஏற்பார் கீழுமாக நிற்பர். பயிலரங்க மேடையில் வல்லுநர் அமர, இருபது ஆண்டு பணியாற்றிய ஆசிரியர் குறிப்பேட்டுடன் கீழே அமரும் அமைப்பு இந்நோக்கின் புறவடிவமே.

கடன் எனக் கொள்வது மூன்றாவது நிலைப்பாடு. ஆசிரியரின் கண்டுபிடிப்பு அவர் ஒருவராலேயே நிகழ்வதன்று. ‘அறிந்திருக்கிறேன்’ என்னும் பொருளில் ‘ஐ ஆம் நோயிங்’ என எழுதும் வழக்கம் இந்திய மாணவரிடையே பரவலாக உண்டு. விதியைப் பலமுறை கூறியும் பயன் காணாத ஆசிரியர் ஒருவர், செயலைக் குறிக்கும் வினைகளையும் நிலையைக் குறிக்கும் வினைகளையும் மாணவர்களையே வகைப்படுத்தச் செய்து அப்பிழையைக் குறைத்தார் எனக் கொள்வோம். அம்முறையை அவர்க்குக் காட்டியது மாணவரின் பிழையே. அவருடைய ஆசிரியர்களுக்கும், அவர் பயின்ற நூல்களுக்கும், அவர்க்கு ஊதியம் வழங்கும் பொதுச்சமூகத்திற்கும் அதில் பங்குண்டு. ஆகவே பெற்றதைத் திருப்பித் தருதல் கடன் என்பர் இந்நிலைப்பாட்டினர்.

மூன்றனுள் இது வலுவுடையதே. எனினும் மூன்றிற்கும் பொதுவான ஒரு முன்முடிவு உண்டு. பகிர்வதற்கு முன்பே அறிவு முழுமையடைந்து விட்டது என்றும், அதைக் கையளிப்பதா இல்லையா என்பதே எஞ்சியுள்ள கேள்வி என்றும் அவை கருதுகின்றன. அம்முன்முடிவையே நன்னூல் ஐயுறச் செய்கிறது.

நன்னூல் காட்டும் பங்கீடு

சீயகங்கனின் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்றலின் அளவைப் பின்னக் கணக்கில் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாக உட்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது புலமையின் காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேர்கிறது. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வாய்க்கிறது.

இக்கணக்கைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். புலமையின் முக்காற்பங்கு தன்னொத்தாரிடமும் தன்னிடம் கேட்பாரிடமும் பழகுவதால் வருகிறது என்பதே இதன் பொருள். ‘எடுத்துரைத்தல்’ இங்குப் புலமை நிறைந்த பின்னர் நிகழும் கொடையன்று. புலமை நிறைவதற்கான வழி. ஆகவே பகிராதவர் பிறர்க்குத் தரவேண்டியதைத் தராதவர் மட்டுமல்லர். தாம் அறிந்ததாகக் கருதுவதையும் அரைகுறையாகவே அறிந்தவர். மேற்காட்டிய சான்றில், வினைகளை வகைப்படுத்தும் முறை ஏன் பயன் தந்தது என்று சக ஆசிரியர் ஒருவர் வினவும்வரை, அது முறையால் விளைந்ததா, அவ்வாண்டு மாணவரின் திறத்தால் விளைந்ததா என்பதை அவ்வாசிரியர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய தேவையே எழுந்திராது.

ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கு நன்னூல் நான்கு உவமைகளைக் காட்டுகிறது. இட்ட கழற்காய்கள் இட்ட முறைப்படி வெளிவராத கழற்குடம். எவரையும் ஏறவிடாது, தானே உதிர்த்தால் அன்றிப் பயன்தராத மடற்பனை. சிறிது சிறிதாகவே உள்வாங்கிச் சிறிது சிறிதாகவே வெளிவிடும் பருத்திக்குண்டிகை. நீர் ஊற்றியவர் ஒருவராக இருக்க அயலார் நிலத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. தொழில்சார் பகிர்வில் நேரும் குறைகளை இனங்காண இவை பெரிதும் துணைசெய்கின்றன.

பனிப்பந்தும் கழற்குடமும்

சென்னை மாநிலத்தில் தொடக்கநிலை மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை மீளப் பயிற்றுவிக்க மேற்கொண்ட முயற்சியை, 1962இல் டி. ஏ. ஸ்மித் எழுதிய கட்டுரை ‘சென்னைப் பனிப்பந்து’ எனப் பெயரிட்டு விளக்கியது. முதலில் பயிற்சி பெறும் சிறு குழுவினர் அடுத்த அடுக்கினர்க்குப் பயிற்சி அளிப்பர். உருள உருளப் பந்து பெருகும். நாட்டின் பரப்பையும் ஆசிரியர் தொகையையும் எண்ணும்போது இத்தகைய அடுக்குமுறையின் தேவையை மறுக்க இயலாது. பின்வந்த பணிக்காலப் பயிற்சிகள் பலவும் இவ்வமைப்பையே பின்பற்றின.

ஆயினும் அடுக்குமுறையில் உள்ளார்ந்த இடர் ஒன்று உண்டு. ஒவ்வோர் அடுக்கிலும் முதலில் உதிர்வது காரணம், எஞ்சுவது செய்முறை. மேலடுக்கில் ‘இன்ன காரணத்தால் இவ்வாறு செய்யலாம்’ என்று புறப்பட்ட கருத்து, கீழடுக்கை அடையும்போது ‘இவ்வாறு செய்க’ என்னும் ஆணையாகச் சுருங்குகிறது. இது கழற்குடத்தின் குறை. குடத்தினுள் இட்டவை வெளிவரத்தான் செய்கின்றன. அவற்றைக் கோத்திருந்த முறைமையே தொலைந்து விடுகிறது. இதில் தனியொருவரின் தீய எண்ணம் இல்லை. எனினும் அறக்குறை உண்டு. காரணம் அறியாது பின்பற்றுமாறு ஒருவரைப் பணிப்பது, அவரை ஆசிரியராக அன்றிக் கருவியாகக் கருதுவதாகும். நன்னூலின் கணக்கில் சொன்னால், அடுக்குமுறை முதற்காற்பங்கை மட்டுமே பெருக்க முனைகிறது. எஞ்சிய முக்காற்பங்கிற்கு அதில் இடமில்லை.

பெங்களூர்த் திட்டம்

மாற்று அணுகுமுறைக்குச் சான்றாக என். எஸ். பிரபு முன்னின்று நடத்திய பெங்களூர்த் திட்டத்தைக் குறிப்பிடலாம். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடைபெற்ற இத்திட்டம், இலக்கணக் கூறுகளை வரிசைப்படுத்திக் கற்பிப்பதைத் தவிர்த்து, தொடர்வண்டிக் கால அட்டவணை, நிலப்படம் போன்றவற்றைக் கொண்டு அமைந்த செயற்பணிகளின் வழியாக மொழியைக் கற்பிக்க முயன்றது. பாடங்கள் பிறர் காண நடத்தப்பட்டன. அவற்றின் நிறைகுறைகள் ஆய்வரங்குகளில் விவாதிக்கப்பட்டன. திட்டத்தின் பட்டறிவைப் பிரபு 1987இல் ‘செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி’ என்னும் நூலாக்கினார்.

1990இல் ‘டெசோல் குவார்ட்டர்லி’ இதழில் வெளியான கட்டுரையில் அவர், தலைசிறந்த முறை என ஒன்று இல்லை என வாதிட்டார். கற்பித்தலின் உயிர் முறையில் இல்லை. தாம் செய்வது எவ்வாறு கற்றலை விளைவிக்கிறது என்பது குறித்து ஆசிரியர் உள்ளத்தில் உருவாகும் ஏற்புணர்விலேயே உள்ளது. அவ்வுணர்வு உறைந்து போய்க் கற்பித்தல் இயந்திரத்தன்மை அடைவதே பெருங்கேடு. ஒருவர் அதனைச் சொல்லாக்கிப் பிறர்முன் வைக்கும்போது அது மாறவும் வளரவும் கூடும் என்பது அவர் கருத்து. எடுத்துரைத்தலுக்கு அரைப்பங்கு வழங்கிய நன்னூற் கருத்தோடு இஃது ஒத்துச் செல்கிறது. இவ்வொப்புமை ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்பதற்குச் சான்றாகாது. கற்பித்தலை ஊன்றி நோக்கிய இருவர் ஒரே உண்மையைத் தொட்டதற்கே சான்றாகும்.

அதே வேளை, இத்திட்டத்தையும் குறையற்றதாகக் காட்டுதல் முறையன்று. இதில் பங்கேற்ற 15 ஆசிரியர்களின் பட்டறிவுக் கூற்றுகளை ஆராய்ந்து 1990இல் கட்டுரை எழுதிய ஆலன் பெரெட்டா, வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் திட்டத்தின் அடிப்படைக் கருத்தைப் போதிய அளவு உட்கொள்ளவில்லை என்ற முடிவுக்கு வந்தார். கருத்தை உருவாக்கும் விவாதத்தில் முழுமையாகத் திளைத்தவர்க்கும், உருவான கருத்தைப் பெற்றுக்கொண்டவர்க்கும் இடையே தோன்றும் இவ்வேறுபாடு எண்ணத்தக்கது. நல்ல கருத்தாயினும் கையளிக்கப்படும்போது காற்பங்காகவே சென்று சேர்கிறது.

மடற்பனையும் முடத்தெங்கும்

பகிராமையின் உருவம் மடற்பனை. ஆனால் பகிராத எல்லோரையும் அவ்வுவமையால் பழித்தல் பொருந்தாது. ஆண்டுதோறும் பணி புதுப்பிக்கப்படும் தற்காலிக ஆசிரியர் ஒருவர், அதே பணியிடத்திற்குப் போட்டியிடும் சக ஆசிரியரிடம் தம் குறையை வெளிப்படையாகக் கூறத் தயங்கினால், அது பொறாமையன்று. வாழ்வு குறித்த அச்சம். நன்னூல் அழுக்காற்றைக் குற்றமாக வைத்த அதே வரிசையில், கேட்போர் அஞ்சுமாறு பேசுதலையும் குற்றமாக வைத்துள்ளது. எனவே பேசாதவரைக் குறைகூறுமுன், பேச அஞ்சும் சூழலை உருவாக்கியவர் யார் எனக் கேட்டல் வேண்டும். பாதுகாப்பு மிகுந்தவர்க்கே பகிரும் கடப்பாடும் மிகுதி. நிலையான பணியில் உள்ள மூத்த பேராசிரியர் தம் தோல்வியை முதலில் கூறுவாராயின், இளையவர் கூறுவதற்கு வழி பிறக்கும்.

மடற்பனைக்கு எதிர்முனையில் நிற்பது முடத்தெங்கு. இதனை இன்று மிகுதியும் கருத வேண்டியுள்ளது. மாநாடு தோறும் கட்டுரை படித்து, பயிலரங்கு தோறும் உரையாற்றிப் புகழ்பெறும் ஆசிரியரின் வகுப்பறை வெறுமையாக இருக்குமாயின், அப்பகிர்வு அறமாகாது. அவர்க்கு நீர் ஊற்றுபவர் தம் மாணவர். காய் விழுவது அயலார் முற்றத்தில். பகிர்தலை அளவின்றிப் போற்றுவோர் இக்குறையைக் காணத் தவறுகின்றனர். சக ஆசிரியர்க்கு உரைப்பது தம் மாணவரிடம் திரும்பி வந்து சேரும்போதே பகிர்வு நிறைவுறுகிறது.

கடப்பாட்டின் மூன்று முகங்கள்

மேற்கண்டவற்றால் பகிர்தலின் கடப்பாடு ஒருவர் மீது மட்டும் சுமத்தத்தக்கதன்று என்பது புலனாகிறது.

முதலாவது, உரைப்பவரின் கடப்பாடு. வென்ற பாடத்தை மட்டும் காட்டுவது பகிர்வாகாது, காட்சிப்படுத்தலே ஆகும். எந்த வகுப்பில், எத்தகைய மாணவரிடம் அம்முறை பயன் தரவில்லை என்பதையும் கூறினால்தான் கேட்பவர் அதனைத் தம் சூழலோடு ஒப்பிட்டுத் தெளிய முடியும். அக்கருத்து யாரிடமிருந்து பெறப்பட்டது எனப் பெயர் சுட்டுதலும் இதனுள் அடங்கும். உடைமை நிலைப்பாட்டில் உள்ள நியாயம் இங்கே காக்கப்படுகிறது.

இரண்டாவது, கேட்பவரின் கடப்பாடு. பெற்றதை ஆராயாது பின்பற்றுதல் நன்றியன்று. தம் வகுப்பில் சோதித்து, விளைந்ததை உரைத்தவரிடம் திரும்பக் கூறுதலே உண்மையான கைம்மாறு. வினாவுதலையும் விடை கூறுதலையும் நூல் பயிலும் இயல்பாக நன்னூல் வகுத்ததன் கருத்தும் இதுவே.

மூன்றாவது, நிறுவனத்தின் கடப்பாடு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியர்க்கும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணிநேரத் தொழில்சார் வளர்ச்சிக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. பணிச்சுமைக்கிடையே நேரம் ஒதுக்கப்படுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் மணிக்கணக்கு வருகையை அளக்குமேயன்றி மாற்றத்தை அளக்காது. சான்றிதழுக்காக அமரும் 50 மணிநேரமும் முதற்காற்பங்கிலேயே கழியக்கூடும். ஒருவர் தோல்வியைப் பேசிய பேச்சு அவருடைய பணி மதிப்பீட்டில் குறையாக ஏறாது என்னும் உறுதியை நிறுவனம் அளித்தாலன்றி, அரைப்பங்கிற்கான வாயில் திறவாது.

முடிவுரை

பகிர்தல் ஈகையா, கடனா என்னும் வினாவிற்கு, இரண்டிற்கும் முற்பட்ட ஒன்று அது என விடையிறுக்கலாம். தனியொருவரின் பட்டறிவு பிறர்முன் வைக்கப்பட்டு, காரணம் வினவப்பட்டு, மறுக்கப்பட்டுத் தேறும்போதே அறிவாகிறது. காரணத்தை உதிர்த்து முறையை மட்டும் பரப்பும் அடுக்குமுறையும், வெற்றியை மட்டும் காட்டும் மேடைப்பகிர்வும் இத்தேர்வுக்கு இடந்தருவதில்லை. ஆங்கில மொழி ஆசிரியர்களின் நீண்ட பட்டறிவு இதனையே உணர்த்துகிறது.

இவ்வுண்மை அவர்களோடு நிற்பதன்று. தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களில் தமிழை முதன்மொழியாகக் கொள்ளாத மாணவர்க்குத் தமிழ் கற்பிப்போரும், வீட்டில் வழங்காத மொழியைக் கற்பிக்கும் அதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். லகர, ளகர, ழகர வேறுபாட்டை உணர்த்த எம்முயற்சி தோற்றது, எது ஓரளவு வென்றது என்பதை அவர்கள் ஒருவர்க்கொருவர் கூறிக்கொள்வதற்கான களங்கள் பெருக வேண்டும். காற்பங்கு, அரைப்பங்கு எனக் கணக்கிட்டுக் காட்டிய நூல் தமிழில் தோன்றியது என்னும் பெருமை, அக்கணக்கின்படி ஒழுகும்போதே தமிழாசிரியர்க்கு உரியதாகும்.