யார் செய்த குற்றம்?

இரவு மணி இரண்டு. ஊர் உறங்குகிறது; தெருவும் உறங்குகிறது. அந்த ஒரு வீட்டில் மட்டும் உறங்காதவர் மூவர். மாலையில் தொடங்கிய அழுகையை இன்னும் நிறுத்தாத ஐந்து வாரப் பெண்மகவு ஒன்று, அதனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்திலே மேலும் கீழுமாய் நடக்கும் தாய் ஒருத்தி, பாயிலே எழுந்து உட்கார்ந்து, "இன்றைக்கு என்னத்தைத் தின்று தொலைத்தாய்?" என்று சீறும் தந்தை ஒருவன்.

அந்தத் தந்தை நான்தான், தோழர்களே!

தாயத்தைக் கண்டால் நகைத்தவன். சோதிடனைக் கண்டால் சொற்போருக்கு நின்றவன். "காரணம் கேள், சான்று கேள்" என்று ஊருக்கெல்லாம் உரைத்தவன். அவன் வாயிலிருந்து அன்றிரவு கிளம்பிய கேள்விக்குச் சான்று இருந்ததா? இல்லை. சினம் இருந்தது. தூக்கமின்மை இருந்தது. எவர் தலையிலாவது பழியை ஏற்றிவிட்டால் நம் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பிறரைத் திருத்தப் புறப்பட்டவன் தன்னையே கூண்டில் ஏற்றிக்கொள்ளும் கட்டுரை இது.

எங்கள் மகள் மூன்றாம் வாரத்தில் அழத் தொடங்கினாள். பொழுது சாய்ந்தால் போதும். முகம் சிவக்கும், முழங்கால் வயிற்றோடு மடங்கும், பிஞ்சு விரல்கள் இறுகும், வீடு அதிரும். குடித்த பாலில் ஒரு பகுதி தோளிலே வழியும். மறுநாள் பகலெல்லாம் எங்கள் வீடு வழக்குமன்றம்.

"விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் கிடத்தினீர்களே, கூடு திரும்பும் பறவையின் நிழல் விழுந்திருக்கும், பட்சி தோஷம்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. "எதிர்வீட்டுக்காரி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள், மாப்பிள்ளை! அதுதான்" என்றார் பேறுகாலத்துக்கு உதவ வந்திருந்த மாமியார். "உரம் விழுந்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்ட வேண்டும்" என்றார் ஒருவர். "தொக்கம்! எடுப்பதற்கு ஆள் இருக்கிறது" என்றார் இன்னொருவர். கடைசியாக வந்த பெரியவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "முன்வினை" என்றார்.

நான் சிரித்தேன். பறவைக்கும் பால்குடிக்கும் பிள்ளைக்கும் என்ன பகை? எதிர்வீட்டு அம்மையாரின் கண்ணிலே கதிர்வீச்சா புறப்படுகிறது? முன்வினை என்கிறாரே பெரியவர், எந்தப் பேரேட்டில் எழுதிய கணக்கு அது? தண்டனை தெரிகிறது, குற்றம் தெரியவில்லை. குற்றம் புரிந்ததாகக் கூறப்படுவோர்க்கு அதன் நினைவும் இல்லை. இப்படியொரு தீர்ப்பை ஊர் நீதிமன்றம் வழங்கினால் பொறுப்போமா? மேல்முறையீடு செய்ய மாட்டோமா? பிறந்து மூன்று வாரமான உயிரைக் குற்றவாளியாக்கித்தான் தன் நீதியைக் காப்பாற்ற முடியும் என்றால், அந்த நீதி எதற்கு?

நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் என்னிடமும் ஒரு குற்றவாளி இருந்தாள் என்பதை அப்போது நான் உணரவில்லை.

"உருளைக்கிழங்கு வாயு, தின்னாதே" என்றேன் மனைவியிடம். நிறுத்தினாள். பருப்பை விலக்கினோம். கீரையை விலக்கினோம். குளிர்ச்சி என்று பழத்தை விலக்கினோம். தாயின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. குழந்தையின் அழுகை மட்டும் போகவில்லை. ஈன்று ஒரு மாதமான உடல், இரவெல்லாம் விழித்த உடல், இன்னோர் உயிருக்குப் பால் சுரக்க வேண்டிய உடல், வெறுஞ்சோறும் மிளகுநீருமாய் வாடியது. அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒருநாள் மட்டும், "பறவை நிழல் என்று அவர்கள் சொன்னால் என்னைக் கோபிக்காமலாவது இருக்கிறார்கள். நீங்கள் என்னையல்லவா சொல்கிறீர்கள்?" என்றாள்.

அந்தச் சொல் சுட்டது. பாட்டி பறவையைப் பிடித்தார். பெரியவர் பிறவியைப் பிடித்தார். பகுத்தறிவாளன் பெண்டாட்டியைப் பிடித்தான். மூவரிடமும் சான்று இல்லை. இருந்த வேறுபாடு ஒன்றே: பறவைக்கு வலிக்கவில்லை.

அந்த வாரம் மருத்துவரிடம் சென்றோம். எடை பார்த்தார், ஏறியிருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தார், மென்மையாக இருந்தது. காய்ச்சல் இல்லை, மலத்தில் குருதி இல்லை, சிறுநீர் நன்றாகப் பிரிகிறது. "குழந்தை நலம்" என்றார்.

"நலமென்றால் ஏன் அழுகிறாள்?"

"உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆறாம் வாரம் வரை கூடும்; பிறகு குறையும்; மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும்."

"மருந்து?"

"தாய் வயிறார உண்ணட்டும். நீங்கள் குழந்தையைத் தூக்குங்கள்."

'உறுதியாகச் சொல்வதற்கில்லை' என்று அறிவியல் சொல்லும்போது நமக்கு ஏமாற்றம் உண்டாகிறது. சோதிடன் ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டான். ஆயினும் அந்த விடையே நேர்மையானது. 1954இல் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெஸலும் அவர் குழுவினரும் இவ்வகை அழுகைக்கு ஓர் அளவு வகுத்தனர்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். அளவு கிடைத்து எழுபது ஆண்டு கடந்தும், இதுதான் காரணம் என்று ஒற்றை விரலை நீட்ட எவராலும் இயலவில்லை. பால் மேலே வருவதற்குக் காரணம் தெரியும்: உணவுக்குழாயின் அடிவாயிலை மூடும் தசை இன்னும் முதிரவில்லை, பெரும்பாலும் ஓராண்டுக்குள் முதிர்ந்துவிடும். சில குழந்தைகளுக்குப் பசும்பாற் புரதம் ஒவ்வாதிருக்கும். மலத்தில் குருதி போன்ற குறிகள் கண்டு மருத்துவர் சொன்னால், தாய் பாலையும் பால்பொருளையும் விலக்கிப் பார்க்கலாம். அது மருத்துவம். கண்ணில் பட்ட கறியையெல்லாம் குற்றம் சாட்டுவது மருத்துவமன்று, பழி.

பழி தேடும் அவசரம் மருந்து தேடும் அவசரமாகவும் மாறும். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்த 'கிரைப் வாட்டர்', உலகெங்கும் தாய்மாரின் நம்பிக்கையைப் பெற்றது. அதன் பழைய கலவையில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்கு மேல் சாராயம் இருந்தது. பிள்ளை மயங்கியதைப் பிணி தீர்ந்ததாக எண்ணினர் பலர். நம் நாட்டிலோ, வலிக்கிற வயிற்றின்மேல் சூடு வைக்கும் கொடுமையும் நடந்ததுண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா என்கிறது உலக நல நிறுவனம். எதையாவது கொடு, எதையாவது செய் என்கிறது நம் பதற்றம்.

'அப்படியானால் கைகட்டிக் காத்திருப்பதுதான் பகுத்தறிவா?' என்று கேட்பீர்கள். அன்று! தெரியாத இடத்தில் பொறுமை. தெரிந்த இடத்தில் விரைவு.

1971இல், கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, பொங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார்; புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினரே. குடற்சுவரில் குளுக்கோஸ் உப்பை உடனழைத்துச் செல்லும். உப்பின் பின்னே நீர் செல்லும். இதுவே சூட்சுமம். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, அந்நீரால் நான்குக்கும் கீழே இறங்கியது.

எங்கள் மகளுக்கு எட்டாம் மாதத்தில் வயிற்றோட்டம் கண்டது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், நிறுத்து" என்றது வீட்டு வழக்கம். என் மனைவி கேட்கவில்லை. பொட்டலத்தில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலந்து, ஒவ்வொரு கரண்டியாகப் புகட்டினாள், பாலையும் நிறுத்தவில்லை, மருத்துவர் சொன்னபடி துத்தநாக மருந்தும் கொடுத்தாள். பிள்ளை பிழைத்தாள். நீரை நிறுத்தியிருந்தால்? அந்த நினைப்பு இன்றும் என்னை நடுக்குகிறது.

ஆகவே இவற்றை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பச்சை நிற வாந்தி, மலத்தில் குருதி, மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல், குழிந்த உச்சி, வற்றிய சிறுநீர், எழுப்பியும் எழாத சோர்வு. இவற்றில் ஒன்று கண்டாலும் தொக்கக்காரனைத் தேடாதீர்கள், இரவென்றும் பாராதீர்கள்; மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஓரிரவு, மூன்று மணி நேரம் கேட்ட அழுகைக்குப் பின், குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடத் துடித்தன என் கைகள். உலுக்கினால் பிஞ்சு மூளையில் குருதி கசியும், கண் போகும், உயிரே போகும். தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, வாசலில் சென்று சில நிமிடம் நின்றேன். அழட்டும், அழுகை கொல்லாது. என் சினம் கொல்லும். அன்பு உள்ளவனுக்கு இந்த வெறி வராது என்று எண்ணாதீர்கள், வரும். வந்தபோது விலகி நிற்கத் தெரிவதும் அன்புதான்.

அதன்பின் நாங்கள் இரவைப் பங்கிட்டுக்கொண்டோம். பத்து மணிவரை நான் நடப்பேன், அவள் உறங்குவாள். அவள் தட்டுக்குப் பருப்பும் கீரையும் பழமும் திரும்பி வந்தன. பதினான்காம் வாரத்தில், நான் இல்லாத நேரம் பார்த்து மாமியார் இடுப்பிலே கருப்புக் கயிறு கட்டிவிட்டார். பதினைந்தாம் வாரத்தில் அழுகை அடங்கியது. "பார்த்தீர்களா, மாப்பிள்ளை!" என்றார். தானே தீரும் துன்பத்துக்குக் கடைசியாக வந்தவனே கடவுளாகிறான்! அந்த மாதம் பறவையை ஓட்டியிருந்தால் பறவையோட்டிக்குப் புகழ். உருளைக்கிழங்கை நிறுத்தியிருந்தால் எனக்குப் புகழ்.

ஆனால் அந்த அம்மையாரைப் பார்த்து இம்முறை நான் நகைக்கவில்லை. பதினான்கு வாரமும் பின்னிரவில் எழுந்து வெந்நீர் வைத்தவர் அவர். அவரது கயிற்றைவிடக் கொடிய கயிற்றை என் மனைவியின் கழுத்தில் நான் அல்லவா கட்டியிருந்தேன்?

இளைஞர்களே! நாளை உங்கள் வீட்டிலும் தொட்டில் ஆடும். நள்ளிரவில் அழுகை எழும். துன்பம் வந்ததும் குற்றவாளியைத் தேடுவது மனித மனத்தின் பழைய வழக்கம்; அந்த வழக்கத்திலிருந்துதான் பேயும் பிறந்தது, முன்வினையும் பிறந்தது. குற்றமே இல்லாத துன்பமும் உண்டு என்று ஏற்றுக்கொள்ளும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு மேடையில் வருவதில்லை. பின்னிரவில், கனக்கும் இமைகளோடு, நனைந்த தோளோடு வருகிறது.

அப்போது, 'யார் செய்த குற்றம்?' என்று கேளாதீர்கள். 'இப்போது யார் முறை?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் நீங்களே எழுந்து தூக்குங்கள்.